இருபது நிமிடம் தாங்குவது எது: கமாரோ, கொர்வெட், மஸ்டாங்

455 குதிரைத்திறன் கொண்ட செவர்லே கமாரோ, 707 குதிரைத்திறன் கொண்ட டாட்ஜ் சேலஞ்சரைவிட நல்ல ஸ்போர்ட்ஸ் கார் என்று சொன்னால் சண்டைக்கு வருபவர்கள் உண்டு. ஆனாலும் அதுதான் உண்மை. காரணம் சூடு.

அமெரிக்காவில், சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் வார இறுதி டிராக் நாட்களில் ஒரு சுற்று ஓட்டம் பெரும்பாலும் இருபதிலிருந்து முப்பது நிமிடம். அந்த நேரம் முழுக்க எஞ்சின் உச்ச வேகத்தில் சுழல்கிறது, பிரேக் டிஸ்க் ஒவ்வொரு வளைவுக்கு முன்னும் சூடேறுகிறது, பின்சக்கரங்கள் இரண்டுக்கும் சக்தியைப் பிரித்துக்கொடுக்கும் டிஃபரென்ஷியலின் ஆயில் கொதிக்கும் நிலைக்குப் போகிறது. ஷோரூமில் எல்லா வி8 காரும் ஒரே மாதிரி உறுமும். பன்னிரண்டாவது நிமிடத்தில்தான் வித்தியாசம் தெரியும். ஒன்று முதல் நிமிடத்தில் ஓடியது போலவே ஓடும். இன்னொன்று தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே சக்தியைக் குறைத்துக்கொள்ளும். இந்த ஒப்பீடு அந்த அளவுகோலை வைத்துத்தான்: வேலைக்கும் போய்வர வேண்டும், வருடத்தில் ஐந்தாறு முறை டிராக்கிலும் ஓட்ட வேண்டும், எதையும் கழற்றி மாற்றாமல் கம்பெனியிலிருந்து வந்தபடியே தாங்க வேண்டும். வாங்குபவர் அமெரிக்காவில் இருப்பவர், பழைய கார் வாங்கத் தயங்காதவர் என்று வைத்துக்கொள்கிறேன்.

சேலஞ்சரை முதலில் முடித்துவிடலாம். 2008 முதல் 2023 டிசம்பர் வரை கனடாவின் பிராம்ப்டனில் தயாரான கார். ஹெல்கேட் 707, கடைசியாக வந்த டீமன் 170 எத்தனால் கலந்த ஈ85 எரிபொருளில் 1,025 குதிரைத்திறன். நேர்கோட்டில் கால் மைல் ஓட இதைப்போல் வேறொன்று இல்லை. பின்சீட்டில் பெரியவர்கள் உண்மையாகவே உட்காரலாம், நெடுஞ்சாலையில் சோபா மாதிரி போகும். ஆனால் ஹெல்கேட்டுக்குக் கீழே உள்ள ஸ்காட் பேக் மாடலே 1,900 கிலோவைத் தாண்டுகிறது, ஹெல்கேட் இரண்டு டன்னைத் தொடுகிறது. அந்த எடையை ஒவ்வொரு வளைவிலும் நிறுத்தித் திருப்பும் வேலை முன்டயருக்கும் பிரேக்குக்கும். ஒரே நாளில் ஒரு செட் பிரேக் பேட் தீர்வது இதில் ஆச்சரியமில்லை. நல்ல மஸில் கார், ஆனால் நம் கேள்விக்குப் பதில் அல்ல.

டாட்ஜின் வைப்பரையும் மரியாதையோடு ஒதுக்க வேண்டியிருக்கிறது. 8.4 லிட்டர் வி10, 645 குதிரைத்திறன், 2016-இல் வந்த ஏசிஆர் மாடல் டிராக்குக்கென்றே செய்யப்பட்டது. டெட்ராய்டின் கானர் அவென்யூ ஆலை 2017-இல் மூடப்பட்ட பிறகு உதிரிபாகம் தேடுவதே தனி வேலையாகிவிட்டது. கதவுக்குக் கீழே ஓடும் சைலன்சர் குழாய், இறங்கும்போது கால் பட்டால் தோலைச் சுட்டுவிடும். அன்றாடம் ஓட்டும் கார் அல்ல.

மிச்சம் இருப்பது மூன்று பெயர்கள். ஆனால் ஒவ்வொரு பெயருக்குள்ளும் தவறான காரும் உண்டு, சரியான காரும் உண்டு. "மஸ்டாங் சூடாகும்", "கொர்வெட் தாங்கும்" என்று பொதுவாகச் சொல்வது எந்தப் பயனும் இல்லாத பேச்சு. எந்த வருடம், எந்தப் பேக்கேஜ் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மஸ்டாங்: எந்த மஸ்டாங்?

2015-இல் வந்த எஸ்550 தலைமுறையில்தான் ஃபோர்ட் மஸ்டாங் வரிசை முழுவதற்கும் பின்பக்கத் தனிச் சஸ்பென்ஷன் கிடைத்தது. 5.0 லிட்டர் கொயோட்டே எஞ்சின் முதலில் 435, 2018-லிருந்து 460 குதிரைத்திறன். 2018 மாற்றத்தில் முக்கியமானது குதிரைத்திறன் அல்ல. அதுவரை இன்டேக் துளையில் மட்டும் இருந்த எரிபொருள் ஊசியோடு, சிலிண்டருக்குள்ளேயே பாய்ச்சும் நேரடி ஊசியையும் சேர்த்தார்கள். நேரடி ஊசி மட்டும் உள்ள எஞ்சினில் இன்டேக் வால்வின் முதுகில் கரி படியும், ஏனென்றால் அதைக் கழுவ அந்தப் பக்கம் பெட்ரோலே வருவதில்லை. கமாரோவிலும் கொர்வெட்டிலும் வரும் ஜெனரல் மோட்டார்ஸின் எல்டி1, எல்டி2 எஞ்சின்கள் இரண்டுக்கும் இந்தக் குறை உண்டு. இன்டேக் துளை ஊசியையும் விடாமல் வைத்திருப்பதால் கொயோட்டேக்கு 2018-க்குப் பிறகும் இல்லை.

இந்த எஞ்சினோடு வரும் சாதாரண மாடலான ஜிடியின் பலவீனம் கியர்பாக்ஸிலும் பின் அச்சிலும் இருக்கிறது. எம்டி82 ஆறு கியர் பெட்டி குளிரில் இரண்டாவது கியருக்குள் போக முரண்டு பிடிக்கும். உச்ச ஆர்பிஎம்மில் கியர் மாற்றும்போது கிளட்ச் பெடல் தரையோடு ஒட்டிக்கொள்வதாக நிறைய பேர் சொல்வார்கள். பெடலுக்கு மேலே இருக்கும் உதவி ஸ்பிரிங்கைக் கழற்றுவதோ, மென்மையான ஸ்பிரிங் போடுவதோ இதற்குப் பழகிப்போன வைத்தியம். பின் சப்ஃபிரேம் ரப்பர் புஷ்கள் நெகிழ்வதால் வேகமாகக் கிளம்பும்போது பின்சக்கரம் துள்ளும். புஷ்களை இறுக்கிப் பிடிக்கும் பிளேட்கள் மாட்டினால் பெருமளவு அடங்கும். பிரெம்போவின் ஆறு பிஸ்டன் முன்பிரேக், பெரிய ரேடியேட்டர், டார்சன் டிஃபரென்ஷியல் ஆகியவற்றோடு வரும் பெர்ஃபார்மன்ஸ் பேக் இல்லாத ஜிடியை டிராக்குக்காக வாங்கவே வேண்டாம்.

ஷெல்பி ஜிடி350 இந்தத் தலைமுறையின் மிக அழகான சத்தம்: 5.2 லிட்டர், உயர் வேகச் சுழற்சிக்கு ஏற்ற ஃபிளாட் பிளேன் கிராங்க், 526 குதிரைத்திறன், ரெட்லைன் 8,250 ஆர்பிஎம். ஆனால் 2016 மாடலில் டிராக் பேக்கேஜ் இல்லாத கார்களுக்கு கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல் கூலர்கள் கிடையாது. அவை டிராக்கில் சூடேறி, சக்தியைத் தானாகவே குறைத்துக்கொள்ளும் லிம்ப் மோடுக்குள் போயின, விஷயம் நீதிமன்றம் வரை போனது. 2017-இல் கூலர்களை எல்லாக் கார்களுக்கும் கொடுத்தார்கள். ஆகவே 2016 ஜிடி350 மலிவாகக் கிடைத்தால் ஏன் மலிவு என்று முதலில் பாருங்கள். அந்த எஞ்சின் வேறெந்தக் காரிலும் இல்லை என்பதால் கெட்டுப்போனால் மாற்று எஞ்சின் விலை காரின் விலையில் பெரும்பங்கை விழுங்கும்.

எனவே சரியான மஸ்டாங் 2021 முதல் 2023 வரை வந்த மாக் 1 தான். 480 குதிரைத்திறன், எம்டி82-க்குப் பதிலாக டிரெமெக் 3160 கியர்பாக்ஸ், எஞ்சின் ஆயில் கூலர், ஜிடி500-இலிருந்து வந்த டிஃபரென்ஷியல் குளிர்விப்பு. ஹேண்ட்லிங் பேக்கேஜோடு என்றால் முன்னால் 305, பின்னால் 315 மில்லிமீட்டர் அகல டயர். புதிதாகத்தான் வேண்டும் என்பவர்களுக்கு 2024-லிருந்து வரும் டார்க் ஹார்ஸ், 500 குதிரைத்திறன், அதே டிரெமெக் பெட்டி. டிக்கி 382 லிட்டர், பின்சீட்டை மடிக்கலாம், வெளியே நன்றாகத் தெரியும். மூன்று பெயர்களில் தினசரி வாழ்க்கைக்கு எளிதானது மஸ்டாங்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இந்தியாவில் கம்பெனியே அதிகாரபூர்வமாக விற்றதும் மஸ்டாங் மட்டும்தான். 2016-இல் ஜிடியை டெல்லி ஷோரூம் விலை 65 லட்சத்துக்கு வலப்பக்க ஸ்டியரிங்கோடு கொண்டுவந்தார்கள். சென்னை, கொச்சி சாலைகளில் இன்றும் அபூர்வமாகக் கண்ணில் படுவது அந்த ஜிடிதான். கமாரோவுக்கு ஆலையிலிருந்து வலப்பக்க ஸ்டியரிங் வந்ததே இல்லை. கொர்வெட்டுக்கு எட்டாம் தலைமுறையான சி8-இல்தான் முதல்முறையாக வந்தது.

கொர்வெட்: சி7-ஆ, சி8-ஆ?

1953-இல் மிச்சிகனின் ஃபிளின்ட்டில் வெறும் 300 கார்களோடு, எல்லாம் வெள்ளை நிறத்தில், ஆறு சிலிண்டரும் இரண்டு கியர் ஆட்டோமேட்டிக்குமாகத் தொடங்கிய கார் செவர்லே கொர்வெட். எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைக்க வேண்டும் என்று அதன் தலைமைப் பொறியாளர் ஜோரா ஆர்கஸ்-டன்டோவ் பல பத்தாண்டுகள் வாதாடினார். 2020 மாடலாக வந்த சி8-இல்தான் அது நடந்தது.

சி8 ஸ்டிங்ரேயின் எல்டி2 எஞ்சின் 6.2 லிட்டர், 490 குதிரைத்திறன். இசட்51 பேக்கேஜோடு 495. எல்லா சி8-க்கும் டிரை சம்ப் உண்டு. அதாவது ஆயில் எஞ்சினுக்கு அடியிலுள்ள தட்டில் தேங்காமல் தனி டாங்கில் இருக்கும். நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்ப் காற்றை இழுத்து, பேரிங் தேய்ந்து போகும் அபாயம் இதில் மிகக் குறைவு. இரட்டைக் கிளட்ச் எட்டு கியர் பெட்டி மட்டுமே, கிளட்ச் பெடல் கிடையாது. இசட்51-ஓடு நின்ற இடத்திலிருந்து மணிக்கு 60 மைல் (97 கிலோமீட்டர்) எட்ட 2.9 விநாடி. 2020-இல் தொடக்க விலை 59,995 டாலர். இந்த விலைக்கு இந்த வேகம் உலகில் வேறெங்கும் இல்லை என்று அப்போது சொன்னது மிகையல்ல.

இசட்51 இல்லாத சி8 அழகான சுற்றுலாக் கார். இசட்51-ஓடு பெரிய பிரேக், கூடுதல் குளிர்விப்பு, மின்னணு டிஃபரென்ஷியல், பைலட் ஸ்போர்ட் 4எஸ் டயர் வரும். பிறகு தனித்தனியாகப் பொருத்துவது பணத்தை வீணாக்கும் வழி. முன்பக்கத்தை 40 மில்லிமீட்டர் உயர்த்தும் லிஃப்ட் வசதியையும் விடாதீர்கள். வீட்டு நுழைவாயில், வேகத்தடை என 1,000 இடங்கள் வரை ஜிபிஎஸ்-இல் நினைவில் வைத்துத் தானே தூக்கிக்கொள்ளும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். இரட்டைக் கிளட்ச் பெட்டிக்கு வெளியே திருகி மாட்டும் ஃபில்டர் ஒன்று உண்டு, ஆரம்பகால அட்டவணைப்படி முதல் 7,500 மைலில் அதை மாற்ற வேண்டும். பழைய கார் வாங்கும்போது அதற்கான ரசீது இல்லை என்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். ஆரம்ப ஆண்டுகளில் அந்தப் பெட்டியின் சென்சாரோ வால்வ் பாடியோ கெட்டால் டீலர்கள் பெட்டியைத் திறக்காமல் முழுவதையுமே மாற்றினார்கள். வாரண்டிக்குள் இருந்தால் அது உங்களுக்கு லாபம், வாரண்டி முடிந்த பின் அதுவே பயமுறுத்தும் பில். 2020 கார்களின் முன்பக்க டிக்கி மூடி ஓடும்போதே திறந்துகொள்வதற்கு ரீகால் வந்தது, அது செய்யப்பட்டதா என்று சேசிஸ் எண்ணை வைத்துப் பார்த்துவிடலாம். குளிர்காலத்தில் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து மெதுவாகத் திருப்பும்போது முன்டயர் தத்தித் தத்தி நகரும். அது பழுது அல்ல, டயரின் குளிர்ந்த ரப்பரும் சக்கரங்களின் திரும்பும் கோணமும் சேர்ந்து செய்யும் வேலை. எஞ்சின் கம்ப்யூட்டர் பூட்டப்பட்டிருப்பதால் டியூனிங் செய்யவும் எளிதல்ல.

சி8-க்கு மேலே இசட்06, ஈ-ரே, 1,064 குதிரைத்திறன் கொண்ட இசட்ஆர்1 எல்லாம் இருக்கின்றன. பணம் ஒரு பொருட்டில்லை என்றால் 8,600 ஆர்பிஎம் வரை கத்தும் இசட்06-இன் 5.5 லிட்டர் எஞ்சினுக்கு இன்று அமெரிக்காவில் நிகரில்லை. ஆனால் இங்கே பேசுவது சம்பளக்காரரின் முடிவு.

கையால் கியர் மாற்ற ஆசைப்படுபவர்கள் ஒரு தலைமுறை பின்னால் போக வேண்டும். சி7-இல் சரியான கார் 2017 முதல் 2019 வரை வந்த கிராண்ட் ஸ்போர்ட். அதே தலைமுறை இசட்06-இன் அகலமான உடல், பிரேக், டயர் எல்லாம் இருக்கும், ஆனால் சூப்பர்சார்ஜர் இல்லாத 460 குதிரைத்திறன் எல்டி1 எஞ்சின். அந்தச் சேர்க்கைதான் இதன் அறிவு. 2015 இசட்06-இல் 650 குதிரைத்திறன் சூப்பர்சார்ஜர் எஞ்சின் டிராக்கில் சூடேறிப் பெயரைக் கெடுத்தது, 2017-இல் எஞ்சின் மூடியின் காற்றுத் துளைகளைப் பெரிதாக்க வேண்டியிருந்தது. கிராண்ட் ஸ்போர்ட்டில் அந்தத் தலைவலியே இல்லை. டிரை சம்ப், டிஃபரென்ஷியல் கூலர் எல்லாம் அடிப்படையிலேயே உண்டு, எடை சுமார் 1,555 கிலோ. கமாரோவைவிட ஏறக்குறைய 150 கிலோ குறைவு. அது ஒவ்வொரு பிரேக்கிலும் உணரப்படும்.

இதைத்தான் முதலிடத்தில் வைக்க வேண்டுமா என்று கேட்டால், தயங்கத்தான் வேண்டியிருக்கிறது. காரணங்கள் இரண்டு. சி7-இன் அலாய் சக்கரங்கள் உள்விளிம்பில் விரிசல் விடுவதற்குப் பெயர் பெற்றவை. காரைத் தூக்கி, சக்கரங்களைக் கழற்றி, உள்பக்கத்தைத் துடைத்து, டார்ச் அடித்து நான்கையும் பார்க்காமல் வாங்கக் கூடாது. இரண்டாவது, கிளட்ச். எஞ்சின் முன்னால், கியர்பாக்ஸ் பின் அச்சில், நடுவே இரண்டையும் இணைக்கும் டார்க் டியூப். கிளட்ச் மாற்ற வேண்டும் என்றால் பின்பக்கத் தாங்கி, கியர்பாக்ஸ், டார்க் டியூப் எல்லாம் இறங்க வேண்டும். பாகத்தின் விலையைவிடக் கூலி அதிகம். கற்றுக்கொள்ளும் நாட்களில் கிளட்சை எரிப்பவர்களுக்கு இது வேண்டாத சுமை.

கமாரோ எஸ்எஸ் 1எல்இ: என் வாக்கு

ஆறாம் தலைமுறை கமாரோ 2016 மாடலிலிருந்து 2024 மாடல் வரை மிச்சிகனின் லான்சிங்கில் தயாரானது. காடிலாக் ஏடிஎஸ்-க்கு என்று உருவாக்கிய ஆல்ஃபா சேசிஸ். எஸ்எஸ் மாடலுக்கு 6.2 லிட்டர் எல்டி1, 455 குதிரைத்திறன். 2017-இல் எஸ்எஸ்ஸுக்கு 1எல்இ பேக்கேஜ் வந்தபோது அதன் கூடுதல் விலை 6,500 டாலர். அந்தப் பணத்தில் என்னென்ன வந்தன என்று பாருங்கள்: காந்தத்தால் இறுக்கம் மாறும் ஷாக் அப்சார்பரான மேக்னெட்டிக் டேம்பர், மின்னணு டிஃபரென்ஷியல், முன்னால் 370 மில்லிமீட்டர் டிஸ்க்கும் ஆறு பிஸ்டன் பிரெம்போவும், எஞ்சின் ஆயில், கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல் மூன்றுக்கும் கூலர், ரெகாரோ சீட், முன்னால் 285 பின்னால் 305 அகலத்தில் குட்இயர் சூப்பர்கார் 3 டயர். இவற்றை வெளியே வாங்கிப் பொருத்தினால் பேக்கேஜ் விலையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும், அப்போதும் டேம்பரும் டிஃபரென்ஷியலும் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோலும் ஒன்றோடொன்று பேசாது. கம்பெனி இன்ஜினீயர்கள் ஒரே மென்பொருளில் இவற்றைக் கோத்திருப்பதுதான் 1எல்இ-யின் ரகசியம். வளைவின் நடுவில் ஆக்சிலேட்டரை மிதித்தால் பின்பக்கம் எங்கே போகும் என்று முன்கூட்டியே தெரிகிறது. புதிதாக டிராக்குக்கு வருபவருக்கு அந்த நம்பிக்கை 50 குதிரைத்திறனைவிடப் பெரியது.

மேனுவல் 1எல்இ-யையே தேடுங்கள். அதற்குக் காரணம் வெறும் ரசனை அல்ல. எல்டி1-இல் பாதிச் சிலிண்டர்களை அணைத்து எரிபொருள் சேமிக்கும் ஏஎஃப்எம் அமைப்புக்கு, வால்வை இயக்கும் தனி வகை லிஃப்டர்கள் உண்டு. அவை மாட்டிக்கொண்டால் கேம்ஷாஃப்டையும் சேர்த்து அழிக்கும். கமாரோவில் ஆட்டோமேட்டிக் கார்களுக்கு மட்டும்தான் ஏஎஃப்எம், மேனுவலில் கிடையாது. 2016 முதல் 2018 வரையிலான எட்டு கியர் ஆட்டோமேட்டிக்குக்கு இன்னொரு வம்பு: லேசான ஆக்சிலேட்டரில் ரோட்டில் வரிப்பள்ளம் இருப்பதுபோல் ஒரு நடுக்கம். டார்க் கன்வர்டர் கிளட்ச் ஆயிலில் வழுக்கி வழுக்கிப் பிடிப்பதால் வருவது. ஆயிலைப் புது வகைக்கு முழுவதுமாக மாற்றினால் பெரும்பாலும் சரியாகும். மேனுவல் டிரெமெக் 6060-இல் இந்த இரண்டு கவலையும் இல்லை. கிளட்ச் மாற்றவும் கியர்பாக்ஸைக் கீழே இறக்கினால் போதும், பின்பக்கம் முழுவதையும் பிரிக்க வேண்டியதில்லை.

கமாரோவின் குறை பார்வை. கதவு உயரம், கண்ணாடி குறுகல், பின்னால் திரும்பிப் பார்த்தால் தூண்தான் தெரியும். வாங்கும் முன் ஒரு நெரிசலான பார்க்கிங்கில் ஓட்டிப் பாருங்கள். டிக்கி 258 லிட்டர், அதன் வாயோ இன்னும் சிறியது, பெரிய சூட்கேஸ் உள்ளே இடம் இருந்தும் நுழையாது. பின்சீட் சிறு குழந்தைக்குக்கூட நெருக்கம். வீட்டில் ஒரே கார் என்றால் நான் மாக் 1 பக்கம் சாய்வேன், அதில் வெட்கமில்லை. இரண்டாவது காராக, ஓட்டக் கற்றுக்கொள்ளும் காராக, டிராக்கிலிருந்து அதே டயரில் வீடு திரும்பும் காராக என்றால் 1எல்இ-க்கு ஈடில்லை. கிளட்ச் பெடல் வேண்டாம், வாரண்டி மிச்சமிருக்கும் கார் கிடைக்கிறது, பணமும் இருக்கிறது என்றால் சி8 இசட்51. இந்த வரிசையில் எனக்குக் குழப்பமில்லை.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

1எல்இ-யைப்போல் எஞ்சின் மூடியில் கறுப்பு ஒட்டிய சாதாரண எஸ்எஸ்களும் சந்தையில் உலவுகின்றன. சேசிஸ் எண்ணை டீலரிடம் கொடுத்து, கார் ஆலையிலிருந்து எந்தெந்தப் பேக்கேஜோடு வந்தது என்று காட்டும் பில்ட் ஷீட் வாங்குங்கள். வி6 எஞ்சினிலும் 1எல்இ உண்டு என்பதை மறக்க வேண்டாம், எஸ்எஸ் என்று தனியாக உறுதிசெய்யுங்கள். மேக்னெட்டிக் டேம்பர்களின் தண்டைச் சுற்றி ஈரம் இருந்தால் கசிவு தொடங்கிவிட்டது, ஒன்றின் விலையே கையைக் கடிக்கும். முன்டயரின் வெளித்தோள் மட்டும் தேய்ந்திருந்தால் சாலை அலைன்மென்ட்டிலேயே டிராக்கில் ஓட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கார் கெட்டுவிடவில்லை, ஆனால் டயர் செலவை விலையில் கழிக்க வேண்டும். டிராக்கில் ஓட்டிய கார் என்பதற்காக ஓட வேண்டாம். ஆயில், பிரேக் ஃப்ளூயிட் மாற்றிய ரசீதுகளை அடுக்கி வைத்திருக்கும் டிராக் ஓட்டுநரின் கார், எதுவும் எழுதி வைக்காத சாலைக் காரைவிடப் பத்திரம்.

சூப்பர்கார் 3 கோடை டயர். கடுங்குளிரில், மைனஸ் 7 டிகிரிக்குக் கீழே, நகர்த்தினால் ரப்பரிலேயே விரிசல் விழலாம். மிச்சிகன், மினசோட்டா பக்கம் இருப்பவர்கள் குளிர்காலத்துக்கு வேறு சக்கர செட்டைப் பட்ஜெட்டில் முதல் நாளிலேயே சேர்த்துவிடுங்கள்.

முதல் டிராக் நாளுக்கு முன் எந்தக் காராக இருந்தாலும் பிரேக் ஃப்ளூயிடை மாற்றியே ஆக வேண்டும். டாட் 4 ஃப்ளூயிடுக்குத் தரநிலை கேட்கும் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ். காற்றிலிருந்து ஈரம் உறிஞ்சிய பிறகு அதே தரநிலை கேட்பது 155 மட்டும். இரண்டு வருடம் மாற்றாத ஃப்ளூயிட் பத்தாவது நிமிடத்தில் கொதித்து ஆவிக் குமிழி விடும், பெடல் தரை வரை போகும், டிஸ்க்கும் பேடும் நன்றாக இருந்தும் கார் நிற்காது. டிராக் டாட் 4 பலவற்றின் கொதிநிலை 300-ஐத் தாண்டும். ஒரு லிட்டர் வாங்கி, கலிப்பரிலிருந்து குமிழி வருவது நிற்கும் வரை நான்கு சக்கரத்திலும் பழைய ஃப்ளூயிடை வெளியேற்றுங்கள். மஸ்டாங்கில் கிளட்சும் அதே டாங்கிலிருந்துதான் ஃப்ளூயிட் எடுக்கிறது, ஆகவே கிளட்ச் லைனையும் சேர்த்தே செய்ய வேண்டும்.

டயர் காற்று குளிர்ந்திருக்கும்போது வழக்கத்தைவிடச் சற்றுக் குறைவாக வைத்துத் தொடங்குங்கள். முதல் சுற்று முடிந்து வந்ததும் சூட்டிலேயே அளந்து, ஏறியதை இறக்கி, நான்கையும் சமன்படுத்துங்கள். சுற்று முடிந்து நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக்கைப் போடாதீர்கள், சிவந்த டிஸ்க்கில் பேட் ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்சால் மட்டும் இறுக்குங்கள், காற்றுத் துப்பாக்கியால் அல்ல. கமாரோவுக்கும் சி8-க்கும் 140 பவுண்ட்-அடி, மஸ்டாங்குக்கு 150, சி7-க்கு 100. ஒரே நண்பர் குழுவில் சி7-உம் சி8-உம் இருந்தால் இதில்தான் தவறு நடக்கும்: ரெஞ்சை 140-இல் விட்டுவிட்டு சி7-இல் வைத்தால் நட்டு ஏறும் அதன் மெல்லிய ஸ்டட் நீண்டுபோகும். சூடான சுற்றுக்குப் பிறகு சக்கரம் ஆறியதும் இருபது நட்டையும் மறுபடி ஒருமுறை பாருங்கள்.